வீட்டில் செய்த பயிற்சிக் கம்பு தேறுமா? பைப், மரம், அலுமினியம்: ஒரு மதிப்பீடு

கம்பு சுற்றிப் பழக ஆசைப்படுபவர் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் மாப் கம்பு. இல்லையென்றால் எங்கோ மிஞ்சிக் கிடந்த பிவிசி பைப். பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பார், விரலில் நாலு அடி வாங்குவார், ‘நமக்கு இது வராது’ என்று மூலையில் சாத்திவிடுவார். பழியைக் கை ஏற்றுக்கொள்கிறது. குற்றத்தில் பாதி கம்புடையது. வெறும் பைப் எடையில்லாமல், தறிகெட்ட வேகத்தில், வளைந்து நெளிந்து சுற்றும். பழகிய கைக்கே அது அடங்காது, புதிய கைக்கு எப்படி அடங்கும்?

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோடுவதுதான் இங்கே வேலை: வெறும் பிவிசி, உள்ளே மரக்கோல் செருகிய பிவிசி, முழு மரம், அலுமினியக் குழாய், மூங்கில், மாப் கம்பு. ஸ்டாஃப் ஸ்பின்னிங்கில், அதாவது கம்பைக் கையில் சுழற்றும் இந்தக் கலையில், புதிதாக இறங்குபவர் முதல் சில மாதங்களில் பழகுவது எட்டுச் சுற்று (முனை காற்றில் 8 போல் கோடு போடும் சுற்று), மணிக்கட்டுச் சுற்று, கைமாற்று, முதுகுக்குப் பின்னால் கைமாற்று. அதற்கு எது தோது என்பதை வைத்தே மதிப்பெண். கம்பை உடம்பில் உருட்டும் காண்டாக்ட் வகைக்கு நீளமும் எடையும் கூடுதலாக வேண்டும், அது தனிக் கணக்கு. நெருப்புக் கம்பு இந்தப் பட்டியலிலேயே இல்லை. பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவைக் கக்கும். இங்கே சொல்லும் எந்தக் கம்பின் முனையிலும் துணி சுற்றித் தீ வைக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூட.

நீளம், பருமன், எடை

நேராக நின்று கம்பைப் பக்கத்தில் ஊன்றினால், அதன் மேல்முனை உங்கள் அக்குளுக்கும் தாடைக்கும் இடையே எங்காவது வர வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 125 முதல் 143 செ.மீ. வரை. குட்டையான கம்பு வேகமாகச் சுற்றும், உடம்பில் அவ்வளவாக இடிக்காது. ஆனால் என்ன நடக்கிறது என்று கண் பிடிப்பதற்குள் அரைச் சுற்று முடிந்திருக்கும். நீளமான கம்பு பொறுமையாகச் சுற்றும், கற்றுக்கொள்ள அவகாசம் தரும். அக்குளிலும் தரையிலும் தட்டும். சந்தேகமிருந்தால் நீளமாகவே அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இடித்தால் இரண்டு முனையிலும் 2.5 செ.மீ. வீதம் குறைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் நடு நகர்ந்துவிடும்.

பருமன் கையைப் பொறுத்தது. மூடிப் பிடித்தால் கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலின் முதல் கணுவைத் தொட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பிடிச்சுற்றையும் சேர்த்து 22 முதல் 27 மி.மீ. வரை சரிப்படும். சின்னக் கைக்கு 20 மி.மீ. பைப்பில் தொடங்குவதே நல்லது.

எடை 400 முதல் 600 கிராமுக்குள் இருக்கட்டும். ஆனால் தராசு காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த எடை கம்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கம்பின் குணத்தை முடிவு செய்கிறது. 140 செ.மீ. நீளமும் 400 கிராம் எடையும் உள்ள ஒரே சீரான கோலை எடுத்துக்கொள்வோம். அதன் இரு முனையிலும் 100 கிராம் வீதம் கட்டினால் மொத்த எடை ஒன்றரை மடங்குதான் ஆகிறது. சுழற்சியைத் தொடங்கவும் நிறுத்தவும் அது காட்டும் எதிர்ப்போ இரண்டரை மடங்காகிவிடும். அதே 200 கிராமை நடுவில் கட்டினால் கை வலிக்குமே தவிர, சுற்றும் விதத்தில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இராது. கடையில் வாங்கும் கம்பு ‘தானாகச் சுற்றுகிறது’ என்று தோன்றுவதற்கும் வீட்டுக் கம்பு ‘சுற்றவே மாட்டேன்’ என்று முரண்டுபிடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த முனை எடைதான்.

எதற்கு எத்தனை மதிப்பெண்

வெறும் பிவிசி: 10-க்கு 4. வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்ப் பருமன் 2 மி.மீ. உள்ள பைப் 140 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 280 கிராம் வரும். எடை போதாது. சரி, முனையில் எடை கட்டலாமே என்றால் அடுத்த கோளாறு தலைகாட்டும். பிவிசி மரத்தைவிட மூன்று நான்கு மடங்கு எளிதாக வளையும், அலுமினியத்தைவிட இருபது மடங்குக்கும் மேல். முனை கனக்கக் கனக்கப் பைப் சாட்டைபோல் ஆடும். கையை நிறுத்திய பிறகும் முனை ஊசலாடிக்கொண்டிருக்கும், அடுத்த அசைவு தாமதமாகத் தொடங்கும், தாளம் தப்பும். அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம், அவ்வளவே.

எடைக்காக உள்ளே மணல் நிரப்பும் யோசனை அடிக்கடி கேட்கக் கிடைக்கும். இதற்கு 1 மதிப்பெண்ணே அதிகம். 21 மி.மீ. உள்விட்டத்தில் 140 செ.மீ. முழுக்க மணல் நிரப்பினால் மணல் மட்டும் முக்கால் கிலோவைத் தாண்டும்; கம்பு ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். முழுக்க நிரப்பாவிட்டால் சுற்றும்போது மணல் ஒரு பக்கமாக ஓடி, சமநிலை ஒவ்வொரு சுற்றிலும் மாறும். பைப்பின் வளைவும் குறையாது. மூடி கழன்றால் வீடெல்லாம் மணல்.

மரக்கோல் செருகிய பிவிசி: 8. வளைவு போய்விடுகிறது, எடை 540 கிராம் அளவில் வந்து நிற்கிறது, மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கிறது, சிலாம்பு ஏறாது. விழுந்தால் நெளிவதில்லை. முதல் கம்பாக இதைத்தான் சிபாரிசு செய்யலாம், செய்முறை கீழே.

முழு மரம்: நல்ல மரமாக அமைந்தால் 8, அமையாவிட்டால் 3. 25 மி.மீ. உருளைக் கோல், ஓரளவு கனமான மரத்தில், 140 செ.மீ.க்கு 480 கிராம் வரும், 22 மி.மீ. என்றால் 370. விறைப்பு பிரமாதம். கையில் பிடிக்கும் சுகம் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். கோலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நோட்டம் விடுங்கள். பிறகு சமதரையில் உருட்டுங்கள். நேரான கோல் சத்தமில்லாமல் ஓடும், வளைந்த கோல் தடதடக்கும். அடுத்து நாரைப் பாருங்கள். நார்க்கோடுகள் முனையிலிருந்து முனைவரை ஓட வேண்டும். 30 செ.மீ.க்குள் பக்கவாட்டில் வெளியேறி முடிந்துபோகும் கோடுகள் தெரிந்தால் அந்தக் கோலைத் தொடவே வேண்டாம். உடையும்போது அது குறுக்கே முறியாமல் ஈட்டிபோல் சாய்வாகப் பிளக்கும். நடு மூன்றில் ஒரு பங்கில் கணு இருக்கக் கூடாது.

மரத்துக்கு 120, 180, 240 என்று மூன்று வகை உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு கொடுத்தால் போதும். பளபள வார்னிஷ் வேண்டாம். வியர்த்த கையில் அது பிசின்போல் ஒட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

அலுமினியக் குழாய்: 7. சுற்றுவதற்கு மட்டும் மதிப்பெண் என்றால் 9 கொடுக்கலாம். 22 மி.மீ. வெளிவிட்டம், 1.5 மி.மீ. சுவர், 140 செ.மீ.க்குச் சுமார் 365 கிராம். முனையில் எடை சேர்த்ததும் தேர்ந்த கம்பின் நடை வந்துவிடும். மதிப்பெண் குறைவது புதியவர் கையில் அது படும் பாட்டால். தொடக்கத்தில் கம்பு ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை விழும் என்பதற்குக் கணக்கே இல்லை. 1 மி.மீ. சுவருள்ள மலிவுக் குழாய் கல்தரையில் விழுந்து ஒரு தடவை ஒடுங்கிவிட்டால் அதோடு முடிந்தது. நிமிர்த்தினாலும் அதே இடத்தில் மறுபடி மடங்கும். மேலே எதுவும் சுற்றாமல் பிடித்தால் கை கறுக்கும். முழங்கையில் பட்டால் பிவிசி அடியை மறந்துவிடலாம், இதை மறக்க முடியாது. இரண்டாவது கம்பாகச் செய்துகொள்ளுங்கள்.

மூங்கில்: 5. இலேசு, உறுதி, பார்க்கவும் அழகு. ஆனால் அடிப்பக்கம் பருத்தும் நுனிப்பக்கம் சிறுத்தும் இருப்பதால் நீளத்தின் நடுவும் எடையின் நடுவும் ஒன்றாக இராது. நுனியில் எடை சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். கணுக்கள் விரலில் தட்டும். எல்லாக் கணுவையும் சீவித் தேய்க்கப் பொறுமை வேண்டும். காயக் காய நெடுக வெடிக்கும். வெடிப்பு தோலைக் கவ்வினால் வலி உயிர் போகும். 20 செ.மீ.க்கு ஒரு இடத்தில் துணி டேப் இறுக்கிச் சுற்றினால் வெடிப்பு பரவாது.

மாப் கம்பு: மரத்தாலானது என்றால் 5; மேலே பெயின்ட் அடித்த மெல்லிய தகரக் குழாய் என்றால் 1. மரக் கம்பிலும் திருகுமரை உள்ள முனையை அறுத்தெறிய வேண்டும். மிச்சமிருக்கும் நீளம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போதாது. தகரக் குழாய் நடுவில் மடங்கும், மடங்கிய இடத்தில் கூர்முனை நிற்கும். தண்ணீர் பைப்பாக வரும் இரும்புக் குழாயைச் சொல்லவே வேண்டாம்: 20 மி.மீ. விட்டத்திலேயே ஒன்றேகால் கிலோ.

சிபாரிசு செய்யும் கம்பு: செய்முறை

முதலில் பைப்பை வாங்குங்கள், பிறகு அதில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரக்கோல் தேடுங்கள். பைப் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் கோல் வாங்கினால் பொருந்தாது. மெட்ரிக் அளவில் 25 என்றால் அது வெளிவிட்டம். அங்குலக் கணக்கில் ‘முக்கால்’ என்று விற்கும் பிவிசியின் வெளிவிட்டம் 26.7 மி.மீ. வெந்நீருக்கான சிபிவிசியில் அதே முக்கால் 22.2 மி.மீ.தான். மூன்றுக்கும் உள்விட்டம் வேறு வேறு. கோலின் விட்டம் பைப்பின் உள்விட்டத்தைவிட 1 முதல் 2 மி.மீ. குறைவாக இருந்தால் கச்சிதம். 21 மி.மீ. உள்விட்டத்துக்கு 19 மி.மீ. கோல், சின்னக் கைக்கு 20 மி.மீ. பைப்பும் (உள்விட்டம் 17) அதற்குள் 16 மி.மீ. கோலும். இந்த இரண்டாவது கூட்டணி 350 கிராம் அளவில் நிற்கும்.

பைப்பை நேராக அறுக்க ஒரு சுலப வழி: ஒரு தாளைப் பைப்பைச் சுற்றி, ஓரமும் ஓரமும் சரியாகச் சேரும்படி இழுத்துப் பிடித்து, அந்த ஓரத்தை ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். ஹேக்சாவை ஒரே பக்கமாக இறக்காமல் பைப்பைத் திருப்பித் திருப்பி அறுத்தால் வெட்டு சாயாது. அறுத்த ஓரத்தை உள்ளும் வெளியும் உப்புத்தாளால் மழுக்குங்கள். இதைச் சோம்பலில் விட்டவர் உள்ளங்கையில் அடுத்த நாளே கீறல் பார்க்கலாம்.

கோலைப் பைப்பைவிட 5 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். அப்படியே நுழைத்தால் சுற்றும்போது உள்ளே கடகடவென்று ஆடும். அதனால் கோலின்மேல் 15 செ.மீ.க்கு ஒரு இடத்தில் காகித மாஸ்கிங் டேப்பை வளையமாகச் சுற்ற வேண்டும். இடைவெளி ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. என்றால் ஏழு சுற்று அளவுக்கு வரும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லா வளையத்தையும் ஒரே தடவையில் இறுக்கமாகச் சுற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்து இறக்கப் பார்ப்பார்கள். பாதி தூரத்தில் சிக்கிக்கொள்ளும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. முதலில் ஒரே ஒரு வளையம் சுற்றிப் பைப் வாயில் நுழைத்துப் பாருங்கள். உள்ளங்கையால் தள்ளினால் மெல்ல இறங்க வேண்டும், விட்டால் தானாக வழுக்கக் கூடாது. அந்தச் சுற்று எண்ணிக்கை கிடைத்ததும் மற்ற வளையங்களையும் அதே எண்ணிக்கையில் சுற்றுங்கள். டேப்பின்மேல் டால்கம் பவுடர் தடவினால் சுலபமாக வழுக்கிப் போகும். எண்ணெய் தடவ வேண்டாம். டேப்பின் பசை இளகிச் சுருண்டுவிடும்.

முழு நீளக் கோல் கிடைக்கவில்லையா? இரண்டு துண்டாகப் போடலாம், ஆனால் இணைப்பு நடுவில் வரக் கூடாது. கம்பு அதிகம் வளைய முயல்வது கை பிடித்திருக்கும் நடுவில்தான். 100 செ.மீ. துண்டு ஒன்று நடுவைத் தாண்டிப் போகட்டும், மிச்சத்தை 40 செ.மீ. துண்டு நிரப்பட்டும். பைப்பையே இரண்டாக வெட்டி நடுவில் கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) போட்டுக் கழற்றி மாட்டும் கம்பு செய்யும் ஆசையும் பலருக்கு வரும். பையில் அடங்கும் என்பது ஒன்றே அதன் லாபம். கப்ளரின் புடைப்பு சரியாக உள்ளங்கையில் உட்காரும். மரை போட்ட கப்ளர் சுற்றச் சுற்றத் தளரும்.

கோலைப் பைப்போடு பூட்ட, ஒவ்வொரு முனையிலிருந்தும் சரியாக 5 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ. 2.5 மி.மீ. துளை போட்டு, 3.5 மி.மீ. பருமன், 12 மி.மீ. நீளமுள்ள தட்டைத்தலை ஸ்க்ரூவை இறக்குங்கள். தலை பைப்போடு சமமாக அமரும்படி துளை வாயைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளுங்கள். துளை போடாமல் நேராக முறுக்கினால் பிவிசி விரிசல் விடும். நீள ஸ்க்ரூ போட்டால் மறுபக்கம் கூர் எட்டிப் பார்க்கும்.

முனைகள்

முனைக்கு மூன்று வழிகள் உண்டு. நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் புஷ் முதல் வழி. 25 மி.மீ. பைப்புக்கு 25 மி.மீ. புஷ் கச்சிதமாகப் பிடிக்கும். தரையில் விழுந்தால் துள்ளாது, உடையில் மாட்டாது. இலேசான புஷ்ஷாக இருந்தால் உள்ளே இரும்பு வாஷர்களை அடுக்கி, எபாக்ஸிப் பசையால் ஒட்டி எடை கூட்டலாம். வெறும் வாஷரைப் போட்டு மூடினால் கிலுகிலுப்பை கையில் இருப்பது போல இருக்கும்.

இரண்டாவது, பழைய டென்னிஸ் பந்து. விதிப்படி ஒரு பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம்வரை, அதனால் ஜோடி கிட்டத்தட்டச் சமமாகவே கிடைக்கும். கூட்டல் குறிபோல் கத்தியால் கீறி, கம்பின் முனை பந்தின் எதிர்ச்சுவரைத் தொடும்வரை அழுத்த வேண்டும். முகத்திலோ காலிலோ பட்டால் வலி குறைவு. குழந்தைகளுக்கும் கண்ணாடி போட்டவர்களுக்கும் இதுதான் ஏற்றது. ஆனால் வெறும் பிடிப்பை நம்பி விடாதீர்கள். 140 செ.மீ. கம்பை வினாடிக்கு 2 சுற்று சுற்றினால், முனையில் இருக்கும் பந்து தன் எடையைப்போல் 11 மடங்கு விசையோடு வெளியே இழுக்கும். 58 கிராம் பந்து, 650 கிராம் தொங்குவதுபோல் கழன்றோடப் பார்க்கும். பந்தின் வெளிப்பக்கத்திலிருந்து அகலமான வாஷரோடு 40 மி.மீ. ஸ்க்ரூ ஒன்றை உள்ளிருக்கும் மரக்கோலின் முனைக்குள் இறக்கி, துளையில் மரப்பசை விட்டு முறுக்குங்கள். கோலின் முனையில், நார் ஓடும் திசையிலேயே இறங்கும் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு குறைவு, அதனால்தான் இந்த நீளமும் பசையும். ஸ்க்ரூத் தலையின்மேல் ஒரு துண்டு ரப்பர் ஒட்டி மூடிவிடுங்கள்.

மூன்றாவது, சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி, முனையிலிருந்து 10 செ.மீ. தூரத்துக்கு அடுக்கடுக்காக ஏற்றுவது. செலவே இல்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. எத்தனை எடை கைக்குப் பிடிக்கிறது என்று தெரியாத நிலையில் இதுவே மேல்.

எதைப் போட்டாலும் இரண்டு முனையையும் சமையலறைத் தராசில் வைத்துச் சமப்படுத்துங்கள். 550 கிராம் கம்பில் ஒரு முனை 5 கிராம் கூடினாலே எடை நடு 6 மி.மீ. நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத் தெரியும்.

இன்னொன்று: இரண்டு முனைக்கும் வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். எட்டுச் சுற்றில் எந்த முனை எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற குழப்பம் பாதியாகிவிடும்.

பிடி

எடை நடுவைக் கண்டுபிடித்த பிறகே பிடி சுற்ற வேண்டும். இதற்கு அளவு நாடா வேண்டாம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, கம்பின் இரண்டு முனைக்கருகே வைத்துத் தாங்குங்கள். விரல்களை மெதுவாக ஒன்றையொன்று நோக்கி நகர்த்துங்கள். ஒரு விரல் வழுக்கும், மற்றது நிற்கும். பிறகு அது வழுக்கும், இது நிற்கும். நடுவுக்கு அருகில் வந்த விரல்மேல் எடை கூடுகிறது, உராய்வும் கூடுகிறது, அதனால் அது நின்று மற்றதற்கு வழிவிடுகிறது. கடைசியில் இரண்டும் சந்திக்கும் இடம்தான் எடை நடு. அங்கே பேனாவால் குறியிடுங்கள். நீளத்தின் நடுவும் இதுவும் 5 மி.மீ.க்கு மேல் விலகினால் இலேசான முனையில் ஒரு டியூப் வளையம் கூடப் போடுங்கள்.

பிடிக்கு டென்னிஸ் மட்டையில் சுற்றும் ஓவர்கிரிப் அருமையாக வேலை செய்யும். 25 மி.மீ. அகலச் சுருள் ஒன்று, இந்தப் பருமனுள்ள கம்பில் 28 செ.மீ. அளவுக்கு வரும், இரண்டு சுருளில் நடுப்பகுதி 56 செ.மீ. முடிந்துவிடும். தொடக்கச் சுற்றுகளுக்கு இது தாராளம். சுற்றுவதற்கு முன் பைப்பை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். வெளிப்பக்கத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றினால், இரண்டு சுருளின் கடைசி முனைகளும் நடுவில் சந்திக்கும். அவற்றின்மேல் 5 செ.மீ. அகலத்துக்கு வேறு நிறத் துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் முனைகளும் பிரியாது, நடுவும் விரலுக்குத் தட்டுப்படும். கண்ணால் பார்க்காமலே நடுவைப் பிடிக்க இந்த மெல்லிய மேடு பெரிய உதவி.

சைக்கிள் டியூபை உறைபோல் மாட்டுவது அடுத்த தேர்வு. தட்டையாக வைத்து அளந்தால் 30 முதல் 35 மி.மீ. அகலம் உள்ள டியூபே 25 மி.மீ. கம்பை இறுக்கிப் பிடிக்கும். 40-ஐத் தாண்டினால் தொளதொளக்கும். உள்ளே உள்ள வெள்ளைத் தூளைக் கழுவிவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு இழுத்தால் ஏறும். ஒரு நாள் காய விட வேண்டும். ஈரம் இருக்கும்வரை உறை வழுக்கிக்கொண்டே இருக்கும். கையிலும் தோளிலும் உருட்டிப் பழகுவதற்கு ரப்பர்ப் பிடி அவசியம். வெறும் சுற்றுக்கு மட்டும் என்றால் ரப்பர் வேண்டாம் என்பதே இங்கே தீர்ப்பு. கம்பு உள்ளங்கைக்குள் கொஞ்சம் வழுக்கிச் சுழல வேண்டிய இடத்தில் ரப்பர் தோலைக் கவ்விப் பிடிக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சவ்வில் முதல் நாளே கொப்புளம்.

மின்சார வேலைக்கான இன்சுலேஷன் டேப்பைப் பிடியாகச் சுற்றுபவர்கள் உண்டு. நிறம் நிறமாகக் கிடைக்கும், உண்மைதான். வியர்வையும் கைச்சூடும் பட்டதும் பசை ஓரங்களில் கசிந்து, டேப் மெல்ல நகரும், கை பிசுபிசுக்கும். முனை அடையாளத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றும் முன் சோதனை

காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால் கோல் தளர்வு, அல்லது வாஷர் ஒட்டவில்லை. ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும். இடுப்புயரத்திலிருந்து படுக்கைவாட்டில் பத்து தடவை தரையில் போட்டுவிட்டு ஸ்க்ரூக்களை மறுபடி தொட்டுப் பாருங்கள். பிறகே சுற்றுங்கள்.

இடமும் முக்கியம். கை நீளமும் கம்பின் பாதியும் சேர்ந்தால் சுமார் 140 செ.மீ. ஆகிறது, 3 மீட்டர் குறுக்களவுள்ள வெற்றிடம் குறைந்தபட்சம். தலைக்கு மேல் சுற்றுவதானால் திறந்தவெளிதான். மின்விசிறியோடு போட்டிபோட்டு யாரும் ஜெயித்ததில்லை.

சுற்றத் தொடங்கியதும் வரும் புகார்கள் மூன்றே வகைதான். ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முனை எடை சமமில்லை. வேகம் கட்டுப்படவில்லை என்றால் முனை இலேசு. பக்கத்துக்கு 20 கிராம் கூட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்றால் முனை கனம், அல்லது நீளம் அதிகம். மூன்றாவதில் பிடிவாதம் பிடிக்காமல் உடனே எடையைக் குறையுங்கள்.

கடைக் கம்போடு ஒப்பிட்டால் இந்த வீட்டுக் கம்பில் குறைவது ஒன்றுதான்: முனைமுதல் முனைவரை தையலில்லாத சிலிகான் பிடி. காண்டாக்ட் பழகும் நாள் வந்தால் அதன் அருமை தெரியும். அதுவரை ஓவர்கிரிப் போதும்.

கம்பைச் சுவரில் சாய்த்து வைக்காமல் தரையில் படுக்கப் போடுங்கள், அல்லது இரண்டு கொக்கிகளில் கிடத்துங்கள். சாய்த்து வைத்த பிவிசி சில வாரங்களில் வில்லாகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் சில மணி நேரமே போதும். தொடர்ந்து வெயில் பட்டால் பைப் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வெளியே சாயம் வெளுத்து மாவுபோல் உதிர்ந்தால் மாற்ற வேண்டிய நேரம். மரக்கோலைக் கழற்றி அடுத்த பைப்பில் அப்படியே செருகிக்கொள்ளலாம், மாஸ்கிங் டேப் வளையங்களை மட்டும் புதிதாகச் சுற்றினால் போதும்.